உப்புக் காற்றில் ஆர்டி 350

ராஜ்தூத் 350-ஐ ஓட்டாதவர்களுக்கு அதன் குணத்தைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். 4,500 ஆர்பிஎம் வரை பால்காரர் வண்டி மாதிரி அடக்கமாகப் போகும். 5,000-ஐத் தொட்டதும் சைலன்சர்களின் குரல் மாறும், முன்சக்கரம் லேசாகும், தோள் பின்னுக்கு இழுபடும். யமஹாவின் ஜப்பானிய ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் உரிமத்தோடு 1983-இல் இங்கே கொண்டுவந்ததுதான் இந்த வண்டி, அதனால் இதையும் ஆர்டி என்றே அழைக்கிறோம். 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், 6 கியர். முதலில் வந்த ஹெச்.டி. (அதிக இழுவைத்திறன்) ரகத்துக்கு 6,750 ஆர்பிஎம்மில் 30.5 குதிரைத்திறன். அதே காலத்து 350 சிசி புல்லட்டுக்கு 18 குதிரைத்திறன்தான் என்பதை வைத்துப் பார்த்தால், அன்றைய சாலையில் இது என்ன செய்திருக்கும் என்பது விளங்கும்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் இன்றும் இந்த வண்டியை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டுத் தாழ்வாரத்தில் தார்ப்பாய் போர்த்தி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெளியே எடுப்பார்கள். இவற்றில் பல வண்டிகள் பிஸ்டன் பிடித்து (சூட்டில் சிலிண்டரோடு ஒட்டி நின்று), போர் போட்டு (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி), மறுபடி பிடித்து, கடைசி ஓவர்சைஸ் வரை போய்விட்டவை. "ஆர்டி என்றாலே சீஸ் ஆகும்" என்ற பேச்சு இப்படித்தான் வந்தது. அந்தப் பேச்சு தவறு. இந்த எஞ்சின் முறையாக இருந்தால் நாள் முழுக்க ஓடும். கடலோரத்தில் அதைக் கெடுப்பது காற்று. போகக் கூடாத இடத்தில் உள்ளே போகும் காற்று, பெட்ரோலுக்குள் ஈரத்தைக் கொண்டு சேர்க்கும் காற்று, பாயிண்ட்டில் (தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) படிந்து தீப்பொறியைத் திருடும் உப்புக் காற்று. இந்த மூன்றையும் கவனித்துவிட்டால் மீதி வேலை எந்த மெக்கானிக்கும் செய்யக்கூடியதுதான்.

முதலில் போகக் கூடாத காற்று. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறைதான் மூச்சுப்பை. பிஸ்டன் மேலே போகும்போது அந்த அறை பெட்ரோல்-காற்றுக் கலவையை உறிஞ்சுகிறது, கீழே வரும்போது அழுத்தி மேலே அனுப்புகிறது. 6,750 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 112 முறை இதைச் செய்கிறது. கிராங்க்கின் இரண்டு முனைகளிலும் உள்ள ரப்பர் சீல்கள்தான் இந்த அறையை மூடி வைத்திருக்கின்றன. 1980-களில் போட்ட சீல் இன்றும் அப்படியே இருக்கும் வண்டிகள் உண்டு. ரப்பர் கல்லாகிவிட்டிருக்கும். வருடத்தில் பாதி நாள் நின்றே இருப்பதால், சீல் உதடு தொடும் இடத்தில் கிராங்க் தண்டில் மெல்லிய துருக்கோடு விழுந்திருக்கும். வண்டியை எடுத்து ஓட்டும்போது அந்தத் துரு சீலின் உதட்டை அரம் போல அராவிவிடும். மலைப்பக்கத்து வண்டியைவிட நம் ஊர் வண்டியின் சீல் சீக்கிரம் போவதற்கு இதுதான் காரணம்.

எந்தப் பக்க சீல் போனது என்பதை எஞ்சினைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். வலப்பக்கம் கிளட்ச் இருக்கிறது, அதாவது கியர் ஆயில் இருக்கிறது. அந்தப் பக்க சீல் போனால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சும். வலது சைலன்சரில் மட்டும் வெள்ளைப் புகை அடங்காமல் வரும், வலது பிளக் ஈரமாகக் கருத்திருக்கும், கியர் ஆயில் மட்டம் காரணமில்லாமல் குறையும். இது எரிச்சல் தரும், ஆனால் எஞ்சினை உடனே கொல்லாது. இடப்பக்கம் டைனமோவும் பாயிண்ட்டும் இருக்கின்றன. அங்கே ஆயில் கிடையாது. அந்த சீல் போனால் உள்ளே வருவது வெறும் காற்று. கலவையில் பெட்ரோல் குறையும், கூடவே அதில் கலந்துவரும் ஆயிலும் குறையும், சூடு ஏறும், இடது பிஸ்டன் பிடிக்கும். இந்தப் பக்கம் புகை எதுவும் வராது என்பதுதான் ஆபத்து. வண்டி முன்பைவிட நன்றாக இழுப்பது போலக்கூடத் தோன்றும். ஸ்லோ நிற்காமல் ஏறி இறங்குவது, ரேஸ் கொடுத்து விட்ட பிறகு ஆர்பிஎம் கீழே வராமல் மேலேயே தொங்குவது, இடது பிளக் மட்டும் வெளுத்திருப்பது. இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டுச் சோதிக்க வேண்டும். ஸ்லோ ஸ்குரூவைத் திருகிச் சமாளிப்பது நோயை மறைத்து வைக்கும் வேலை.

சோதனைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் முள் வைத்த ரத்த அழுத்தக் கருவி போதும். அதன் அளவு 300 வரை போகும். அது ஏறத்தாழ 5.8 பிஎஸ்ஐ, டூ-ஸ்ட்ரோக் கிராங்க் அறையைச் சோதிக்கத் தேவையான அழுத்தமும் அதுவே. இரண்டு சைலன்சரையும் கழற்றி, எக்ஸாஸ்ட் வாயில் பழைய லாரி டியூப் துண்டு வைத்து, மேலே 5 மி.மீ. இரும்புத் தகடு போட்டு இறுக்குங்கள். இரண்டு கார்புரேட்டரையும் எடுத்துவிட்டு, அவற்றை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டு ரப்பருக்குள் ஒரு பக்கம் முழு ரப்பர் அடைப்பான், மறுபக்கம் நடுவில் துளையிட்ட அடைப்பான் வைத்துக் கிளிப்பால் இறுக்குங்கள். 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) வரும் சின்னக் குழாய்களையும் அடைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, நல்ல சீலைக் குற்றம் சொன்னவர்கள் பலர். பிளக்குகள் அதனதன் இடத்தில் இருக்கட்டும். துளையுள்ள அடைப்பானில் கருவியின் குழாயைச் செருகி, பந்தை அழுத்தி முள்ளை 300-க்குக் கொண்டுபோங்கள். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

இரண்டு சிலிண்டரையும் சேர்த்தே அடைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆர்டி கிராங்க்கின் நடுவில் இருப்பது ரப்பர் சீல் அல்ல, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய உலோக வளையம். வேகமாகச் சுற்றும்போது அது காற்றைத் தடுக்கும், நின்றிருக்கும்போது கொஞ்சம் விடும். ஒரு பக்கத்தை மட்டும் அடைத்துச் சோதித்தால் எல்லா எஞ்சினும் லீக் போலத்தான் தெரியும்.

ஆறு நிமிடம் காத்திருங்கள். முள் 250-க்கு மேல் நின்றால் எஞ்சின் இறுக்கமாக இருக்கிறது. விறுவிறுவென்று இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவிக்கொண்டே வாருங்கள். மேனிஃபோல்டு ரப்பரின் வெடிப்பு, ரீட் வால்வு பேக்கிங், பிளாக்குக்கு அடியில் உள்ள பேக்கிங், மேல் கீழ் கேஸ் சேரும் கோடு, டைனமோவுக்குப் பின்னால் இருக்கும் சீல் என்று இந்த வரிசையில் போனால் நேரம் மிச்சம். எங்கே குமிழி வருகிறதோ அங்கேதான் நோய். ஓடும் எஞ்சினில் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து லீக் தேடும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. சூடான எஞ்சின், திறந்த பாயிண்ட், எரியும் ஸ்பிரே மூன்றும் ஒரே இடத்தில். அதைச் செய்யாதீர்கள்.

மேனிஃபோல்டு ரப்பர் வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும். கழற்றிக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தால்தான் அடிப்பகுதியில் நகக்கீறல் மாதிரி வெடிப்பு தெரியும். வெடிப்பின்மேல் பசை பூசுவது ஒரு மாதம் தாங்கும். புதிது போடுவதே சரி. சீல் மாற்ற எஞ்சினை இறக்கிப் பிரிப்பதுதான் முறையான வழி. ஆர்டி கேஸ் மேல், கீழ் என்று இரண்டு பாதியாகப் பிரியும், நடுவில் பேக்கிங் கிடையாது, பேஸ்ட் மட்டும்தான். அந்தப் பேஸ்டைக் காகிதம்போல மெல்லியதாகத் தடவ வேண்டும். வழிய வழியப் போட்டால் உள்ளே பிதுங்கி உதிர்ந்து பேரிங்குக்குப் போகும்.

கேஸைப் பிரித்துவிட்டால் கிராங்க்கையும் பார்த்துவிடுங்கள். கனெக்டிங் ராடின் மேல்முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் 1 மி.மீ. அளவு ஆடுவது இயல்பு. 2 மி.மீ. ஆடினால் ராட் கிட் மாற்ற வேண்டும். மேலும் கீழும் இழுத்தால் துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது. கிராங்க்கை வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் சுற்றிப் பார்க்கும்போது 0.03 மி.மீ.க்கு மேல் முள் ஓடினால், புதிய சீல் போட்டும் பயனில்லை, ஓட்டம் சரியில்லாத தண்டு அதைச் சில மாதத்தில் தின்றுவிடும். இந்த வேலைக்கு டயல் கேஜ் கையாளத் தெரிந்த லேத்துக்காரர் வேண்டும். கண்ணால் பார்த்துச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்பவரிடம் ஆர்டி கிராங்க்கைக் கொடுக்கவே கூடாது. நான்கு தட்டுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், அது தட்டிப் பார்த்து வருவதில்லை.

இரண்டாவது பெட்ரோல். பங்க்குகளில் இப்போது கிடைப்பது இ20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். 1983-இல் வந்த கார்புரேட்டருக்கு இது தெரியாது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிராம் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிராம் போதும். கலந்து பார்த்தால் இ20-க்கு சுமார் 13.5. பழைய ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளை) அப்படியே விட்டால் எஞ்சினுக்குக் கிடைக்கும் கலவை 8 சதவீதம் அளவுக்கு மெலிந்துவிடுகிறது. நான்கு சக்கர வண்டியில் சென்சார் இதைச் சரிசெய்துவிடும். ஆர்டியில் சரிசெய்ய வேண்டியது நீங்கள். மெயின் ஜெட்டை 5 முதல் 8 சதவீதம் பெரிதாக்குங்கள். உங்கள் வண்டியில் 140 இருந்தால் 147.5 அல்லது 150. நீடிலை ஒரு காடி மேலே தூக்குங்கள். ஏர் ஸ்குரூவை ஒன்றேகால் சுற்றிலிருந்து தொடங்கி, ஸ்லோ சீராக நிற்கும் இடத்தில் விடுங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஜெட், ஒரே நீடில் காடி. சந்தையில் வரும் மலிவு ஜெட்டுகளில் எண் 150 என்று அடித்திருக்கும், துளை அந்த அளவில் இருக்காது. இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரே கம்பி இரண்டிலும் ஒரே இறுக்கத்தில் போகிறதா என்று சோதியுங்கள்.

ஜெட் மாற்றுவது எளிது. அதைவிடப் பெரிய தொல்லை ஈரம். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடற்கரை ஊரில் ராத்திரி காற்றில் ஈரம் எவ்வளவு இருக்கும் என்பது கொடியில் காயும் துணிக்கே தெரியும். பாதி டேங்க் பெட்ரோலோடு ஒரு மாதம் நிறுத்தினால், மீதிப் பாதியில் இருக்கும் காற்று பகலில் விரிந்து வெளியே போகும், இரவில் சுருங்கிப் புதிய ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். தினமும் இதே வேலை. ஓர் அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றுசேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். டேங்க்கின் டேப் இருப்பதும் அடியில்தான்.

ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி இந்தத் தண்ணீரைக் குடித்தால் இருமும், நிற்கும், அவ்வளவுதான். 2டி ஆயிலை டேங்க்கிலேயே கலந்து ஓட்டும் டூ-ஸ்ட்ரோக்குக்கு இது விஷம். ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும், அடியில் பிரிந்த தண்ணீர்ப் படலத்தில் ஆயில் இருக்காது. அதைக் குடித்துக்கொண்டு எஞ்சின் நூறு மீட்டர் ஓடினாலும் பிஸ்டனும் பேரிங்கும் காய்ந்துபோகும். "நேற்று நின்ற வண்டி, இன்று எடுத்த அஞ்சு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டது" என்று சொல்லும்போது பலர் ஆயிலின் தரத்தைச் சந்தேகிப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஃப்ளோட் கிண்ணத்தின் அடி. இரண்டு வாரத்துக்கு மேல் நின்ற வண்டியை உதைப்பதற்கு முன் டேப்பைத் திறந்து 100 மில்லி பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் கோடு போட்டது போல வேறு நிறத்தில் படலம் நின்றால் டேங்க் முழுவதையும் வடித்துவிட வேண்டும். மேலே இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கலக்குவதால் அது சரியாகாது.

பங்க் பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், கோடு போட்ட அளவுக் குழாயில் 100 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். அடியில் நிற்கும் தண்ணீர் 30-ஐ ஒட்டி ஏறியிருந்தால் 20 சதவீதம். இதே முறையில் எத்தனாலைக் கழுவி எடுத்துவிட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஆக்டேனில் ஒரு பகுதி எத்தனாலால் வருவது. அதைக் கழுவினால் மீதியுள்ள பெட்ரோலில் எஞ்சின் தட்டத் தொடங்கும். வேண்டாம்.

ஆயில் அளவுக்கு வருவோம். ஆர்டியில் ஆட்டோலூப் என்ற தனி ஆயில் பம்ப் உண்டு. பம்ப் நல்ல நிலையில் இருந்தால் அதை வைத்துக்கொள்வதுதான் கடலோரத்துக்கு ஏற்றது, ஆயில் டேங்க்கில் கலக்காமல் நேரே எஞ்சினுக்குப் போவதால் மேலே சொன்ன ஆபத்து குறையும். பம்ப்பின் குறைந்தபட்ச ஓட்டம் 0.20 முதல் 0.25 மி.மீ. இருக்க வேண்டும், ஃபீலர் கேஜால் அளக்கலாம். ஆயில் டேங்க் ஒருமுறை காலியாகி மறுபடி நிரப்பினால் பம்ப்பில் உள்ள பிளீடு ஸ்குரூவைத் திறந்து காற்றுக் குமிழியை வெளியேற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது. பம்ப்பைக் கழற்றிவிட்டவர்கள் லிட்டருக்கு 30 மில்லி கலக்கலாம், புதிதாகப் போர் போட்டிருந்தால் 40. "ஆயில் அதிகம் போட்டால் சீஸ் ஆகாது" என்று 60, 70 ஊற்றுபவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். ஆயில் கூடும் அளவுக்கு அந்த லிட்டரில் பெட்ரோல் குறைகிறது, ஜெட் வழியாகப் போகும் கலவையும் கெட்டியாகி மெதுவாகப் போகிறது. அதிக ஆயிலும் லீனில் (பெட்ரோல் குறைந்த கலவையில்) கொண்டுபோய்த்தான் விடும், கூடவே சைலன்சரும் அடைக்கும்.

மூன்றாவது தீப்பொறி. இரண்டு சிலிண்டருக்கு இரண்டு சி.பி. பாயிண்ட், இரண்டு கண்டென்சர். உப்புக் காற்றில் பாயிண்ட் முகத்தில் வெண்மையான பூச்சு படியும். கிக்கர் ஐந்தாறு முறை உதைத்தால்தான் பிடிப்பது, ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிப்பது எல்லாம் அதனால். 600 நம்பர் உப்புத்தாளை இரண்டு முறை இழுத்து, பிறகு விசிட்டிங் கார்டு அட்டையைப் பாயிண்ட்டுக்கு நடுவில் வைத்து இழுத்துத் தூளைத் துடைத்துவிடுங்கள். உப்புத்தாளோடு நிறுத்தினால் அதன் துகள் உள்ளேயே இருந்து மறுநாளே பாயிண்ட்டைச் சுடும்.

இடைவெளி 0.35 மி.மீ. அதை வைத்த பிறகே டைமிங். பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. பிளக் துளையில் டயல் கேஜைப் பொருத்தி, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுபோய் முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து, பின்னால் சுற்றி, மறுபடி முன்னால் கொண்டு வாருங்கள். உச்சிக்கு 2.0 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். ஜப்பானிய ஆர்டி 350-க்கு யமஹா கொடுத்த அளவு இது, கிராங்க் சுற்றில் ஏறத்தாழ 20 டிகிரி. பாயிண்ட் திறப்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் மல்டிமீட்டரில் பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்று 2.0, மற்றொன்று 2.4 என்று இருந்தால் 2.4 இருக்கும் பிஸ்டனின் தலை ஓரம் மணல் அடித்தது போலப் பொரிந்திருக்கும், அடுத்தது ஓட்டை. பிந்தினால் சைலன்சர் வளைவு நீலம் பூத்துச் சிவக்கும், இழுவையும் இருக்காது.

அசல் தன்மை போய்விடும் என்று எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டைத் தவிர்ப்பவர்கள் உண்டு. காட்சிக்கு வைக்கும் வண்டியானால் சரி. கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வைத்து ஓட்டும் வண்டியானால் நல்ல கிட் ஒன்றைப் போடுவதே மேல். பாயிண்ட் பிளேட்டைத் துடைத்து ஆயில் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். பிளக் என்ஜிகே பி8எச்எஸ், இடைவெளி 0.6 மி.மீ. இதில் எண் ஏறினால் பிளக் குளிர்ச்சி, இறங்கினால் சூடு. புகைகிறது என்று 7 போட்டு ஊருக்குள் சுகமாக ஓட்டிவிட்டு, அதே பிளக்கோடு நெடுஞ்சாலையில் முறுக்குவது பிஸ்டனைத் துளையிடும் வழிகளில் ஒன்று.

பிஸ்டன் ஏற்கெனவே பிடித்துவிட்டதா? போர் போடக் கொடுப்பதற்கு முன் அதை வாசியுங்கள், காரணம் அதிலேயே எழுதியிருக்கும். நான்கு மூலையிலும் கீறல் என்றால் குளிர்ந்த எஞ்சினைச் சூடாகும் முன்பே முறுக்கியிருக்கிறார்கள், அல்லது இடைவெளி போதாமல் போர் போட்டிருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உருகி இழுத்திருந்தால் லீன், அதாவது பெரும்பாலும் காற்று லீக். கார்புரேட்டர் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி. ஒரு சிலிண்டர் மட்டும் பிடித்தால் அந்தப் பக்கத்துக்கே உரிய காரணத்தைத் தேடுங்கள், அதாவது சீல், ரப்பர், ஜெட், டைமிங். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் போர் போட்டால் அடுத்த பிஸ்டனும் அதே இடத்தில் பிடிக்கும்.

லேத்துக்குப் போகும்போது பிஸ்டனையும் கையில் கொண்டுபோங்கள். அட்டைப்பெட்டியில் எழுதிய அளவை நம்பிப் போர் போடக் கூடாது. பாவாடைப் பகுதியில், அடியிலிருந்து 10 மி.மீ. மேலே, பிஸ்டனின் நடுவே போகும் பின் (ஊசி) இருக்கும் திசைக்குச் செங்குத்தாக மைக்ரோமீட்டரில் அளந்து, அதைவிட 0.045 மி.மீ. பெரிதாகப் பிளாக்கை ஹோன் செய்யச் சொல்லுங்கள். எந்தப் பிஸ்டன் எந்தப் பிளாக்குக்கு என்று 'இ', 'வ' எழுதிவிடுங்கள். ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் 0.2-க்கும் 0.4 மி.மீ.க்கும் நடுவில். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். இங்குள்ள பட்டறைகளில் அதிகம் விட்டுப்போகும் வேலை ஒன்று உண்டு. போர் போட்டதும் போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள கலவை, புகை வழிகள்) விளிம்புகள் பிளேடு மாதிரிக் கூராகிவிடும். அவற்றைச் சின்ன அரத்தாலும் உப்புத்தாளாலும் அரை மி.மீ. மழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். கடலூர் பழைய நகரம், தேங்காய்த்திட்டு பக்கம் படகு எஞ்சின் வேலை பார்க்கும் லேத்துகளில் அனுபவசாலிகள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் கை பழகியது பெரும்பாலும் போர்ட் இல்லாத டீசல் லைனரில். விளிம்பு மழுக்குவதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வருவது நல்லது.

புது போரில் முதல் மூன்று முறை எஞ்சினை ஃபின் சுடும்வரை மட்டும் ஓடவிட்டு, முழுதாக ஆறவிடுங்கள். பிறகு ஹெட் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக மறுபடி இறுக்குங்கள். 500 கி.மீ. வரை 4,000 ஆர்பிஎம் போதும், ஒரே வேகத்தில் நெடுநேரம் வேண்டாம்.

வெளிப்புறத்துக்கும் உப்பு எதிரிதான். ஃபின்களுக்கு நடுவில் உப்பும் தூசியும் சேர்ந்து ஒரு போர்வையாகப் படிந்தால் சூடு வெளியே போகாது. மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் கழுவ வேண்டும். கடலோரத் தெருக்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உப்பாக இருக்கிறது, அதில் கழுவினால் கழுவியதற்குப் பலன் இல்லை. நகராட்சிக் குழாய்த் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ பயன்படுத்துங்கள். ஸ்போக் நிப்பிள்களில் மெல்லிய ஆயில் துணி. முன்னால் இருக்கும் 7 அங்குல டிரம்மில் இரண்டு லீவர்களையும் இணைக்கும் கம்பி சரியாக இல்லாவிட்டால் ஒரே ஷூதான் பிடிக்கும், 30 குதிரைத்திறனுக்கு அது போதவே போதாது. சக்கரத்தைத் தூக்கிவைத்து, ஒருவர் பிரேக்கை லேசாகப் பிடித்திருக்க, லாக் நட்டைத் தளர்த்திக் கம்பியைச் சுழற்றி, இரண்டாவது லீவரும் அதே நொடியில் தொடும் இடத்தில் பூட்டுங்கள். ஜப்பானிய வண்டிக்கு முன்னால் டிஸ்க் இருந்தது, நமக்கு வந்ததில் இல்லை. வேகத்தைத் திட்டமிடும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஐப்பசி பிறந்துவிட்டால் வண்டியைக் கட்டிவைப்பதுதான் பலருக்கும் வழக்கம். டேங்க்கையும் இரண்டு ஃப்ளோட் கிண்ணத்தையும் வடித்து, டேங்க்கில் 100 மில்லி 2டி ஆயில் ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள். பிளக் துளையில் பக்கத்துக்கு 5 மில்லி ஆயில் விட்டு நான்கு முறை மெதுவாகக் கிக்கரை அழுத்துங்கள். சைலன்சர் வாயிலும் ஏர் ஃபில்டர் வாயிலும் ஆயில் தோய்த்த துணி. மாதம் ஒருமுறை கிக்கரைக் கையால் அழுத்திக் கிராங்க்கை வேறு நிலையில் நிறுத்தினால் சீல் கோடு ஒரே இடத்தில் விழாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தரைத்தளத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் மேடை போட்டு ஏற்றிவைப்பதே நல்லது. தண்ணீர் புகுந்துவிட்டால் உதைத்துப் பார்க்கவே கூடாது. பிளக்கைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்துப் பாருங்கள், பால் கலந்ததுபோல இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கிராங்க் பேரிங்குக்கு ஆயில் கலவையைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை, மூன்றாம் நாளே துரு விழும். அன்றைக்கே எஞ்சினை இறக்குங்கள்.

ஓட்டும்போது இரண்டு விஷயம். புதுச்சேரியின் இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை சிக்னல்களில் நீண்ட நேரம் நிற்க வேண்டியிருந்தால் எஞ்சினை அணைத்துவிடுங்கள், காற்றால் குளிரும் எஞ்சினுக்கு நின்ற இடத்தில் குளிர்ச்சி கிடையாது. மே மாத வெயிலில் ஜெட் சரிபார்த்த வண்டி மார்கழி விடியலில் சற்று லீனாக ஓடும், குளிர்ந்த காற்று 6 சதவீதம் வரை அடர்த்தி கூடியது. அந்த நாட்களில் சோக்கைச் சீக்கிரம் தள்ளிவிட்டு முறுக்கக் கூடாது. முழு வேகம் பார்க்க ஆசை இருந்தால், கிழக்குக் கடற்கரைச் சாலை அதற்கான இடம் இல்லை. மரக்காணம் வரைக்கும் ஊர், பள்ளிக்கூடம், மீன்சந்தை, குறுக்கே வரும் ஆடு. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஒரு பந்தயத்தடம் இருக்கிறது. பயிற்சி நாள் பார்த்துப் பதிந்து, வண்டியை ஏற்றிக்கொண்டு போனால் அங்கே 6,750-ஐ மனம் நிறையப் பார்க்கலாம். பிளக் நிறம் பார்த்து மெயின் ஜெட் முடிவு செய்வதற்கும் அதுவே சரியான இடம்.

அதிக வேகத்தில் போய்விட்டு ரேஸை ஒரேயடியாக மூடி எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்காதீர்கள். கிராங்க் 6,000-இல் சுற்றும், உள்ளே போதிய ஆயில் வராது. கிளட்ச்சை இழுத்துவிட்டு மூடுங்கள். இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் லீவர்மேல் இருக்கட்டும். பிடிக்கப்போகும் எஞ்சின் ஒரு நொடி முன்னால் சொல்லும். ரேஸ் அப்படியே இருக்கும்போதே யாரோ பின்னால் பிரேக் அழுத்துவது போல வேகம் குறையும், சத்தம் தட்டையாகும். அந்தக் கணமே கிளட்ச்சை இழுத்து, சாவியை அணைத்து, உருட்டிக்கொண்டே ஓரம் கட்டுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். அரை மணி நேரம் ஆறவிட்டுக் கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள். சுற்றினாலும் உடனே உதைத்துவிடாமல் இரண்டு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். நுனியில் ஊசிமுனை அளவில் மினுமினுக்கும் அலுமினியப் புள்ளிகள் தெரிந்தால் அது பிஸ்டனிலிருந்து வந்தது. குட்டியானைக்குச் சொல்லி ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.